படைக்கல உரிமச் சேவை: கேட்பது அதிகம், சொல்வது குறைவு

துப்பாக்கி உரிமம் இந்த நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்கவும் கூடாது. அந்தக் கண்டிப்பின் மேல் இங்கே குறை எதுவும் இல்லை. குறை அது நடத்தப்படும் விதத்தில். அரசு, விண்ணப்பிக்கும் குடிமகனிடம் முகவரி, தொழில், உடல்நலம், மனநலம், யாரோடு பகை, வீட்டில் எங்கே பூட்டி வைப்பாய் என்பது வரை கேட்டு வாங்குகிறது. பதிலுக்கு எத்தனை நாளில் முடிவு வரும், மறுத்தால் என்ன காரணம், கொடுத்த தகவல்கள் யார் கையில் இருக்கும் என்ற மூன்றையும் தானாகச் சொல்வதில்லை. முதல் இரண்டுக்கும் சட்டத்திலேயே விடை இருக்கிறது. கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். மூன்றாவதற்கு நம்பகமான விடை இன்றுவரை இல்லை.

இந்தச் சேவை 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், 2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகள் இரண்டின் மேலும் நிற்கிறது. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டியது. கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடுவதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று தண்டனை வைத்தது. மூன்றும் சரியான மாற்றங்கள். அமெரிக்காவைப் போல ஆயுதம் வைத்திருப்பது இங்கே அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றமும் 2023 பிப்ரவரியில், உத்தரப் பிரதேசத்துக் கள்ளத் துப்பாக்கிகள் பற்றிய விசாரணையில் தெளிவாகச் சொன்னது. 2016 இறுதியில் நாடு முழுவதும் இருந்த உரிமங்கள் சுமார் 33.7 லட்சம் என்று உள்துறை அமைச்சகம் கணக்குக் காட்டியது. அதில் உத்தரப் பிரதேசத்துக்கு மட்டும் 12.77 லட்சம், தமிழ்நாட்டுக்கு 22,532. நம் ஊர் அலுவலகங்களில் இந்தக் கோப்பு எவ்வளவு அபூர்வமாக நகர்கிறது என்பதற்கு இந்த எண்ணே போதும்.

எதைக் கேட்கிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம்

விண்ணப்பிக்கிறவர்களில் பலர் நேராக ரிவால்வர் கேட்டு மாட்டிக்கொள்கிறார்கள். சட்டத்தின் 13(3) பிரிவைப் படித்துவிட்டுக் கேட்பது நல்லது. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உள்ளே வரிப்பள்ளம் இல்லாத துப்பாக்கியை ஒரு குடிமகன் கேட்டால், அதாவது நாம் 12 போர் என்று சொல்கிற வகையைக் கேட்டால், மறுப்பதற்கான காரணங்கள் எதுவும் பொருந்தாத நிலையில் உரிமம் 'தர வேண்டும்' என்கிறது சட்டம். பயிர்ப் பாதுகாப்புக்கு முன்புறமாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி கேட்கும் விவசாயிக்கும் அப்படியே. ரிவால்வர், பிஸ்டல், ரைபிள் என்று போனால் 'தக்க காரணம் இருப்பதாக அதிகாரி திருப்தி அடைந்தால்' என்று மாறிவிடுகிறது. முதல் வகையில் மறுப்பதற்குக் காரணம் காட்ட வேண்டியது அதிகாரியின் பொறுப்பு. இரண்டாவதில் தேவையை நிரூபிப்பது உங்கள் தலையில். ஆகவே காட்டுப்பன்றி இறங்கும் வயலுக்கோ ஒதுக்குப்புறத் தோட்ட வீட்டுக்கோ காவல் தேடுகிறவர் .32 ரிவால்வர் கேட்டு எழுதுவது தன் கோப்பைத் தானே பலவீனப்படுத்துவதாகும். உரிமம் இருக்கிறது என்பதற்காகப் பன்றியைச் சுட்டுவிடவும் முடியாது. அதற்கு வனத்துறை அனுமதி தனி.

9 மி.மீ. பிஸ்டல், .303 ரைபிள் போன்றவை தடைசெய்யப்பட்ட ரகம். சாதாரணக் குடிமகன் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஏர்கன் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வரி: குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கு மேலோ, குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேலோ போனால் அதற்கும் உரிமம் வேண்டும். ஆன்லைனில் 'லைசென்ஸ் தேவையில்லை' என்று போட்டிருந்தாலும் பெட்டியின் மேல் இந்த இரண்டு எண்ணையும் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

இணையதளம்

விண்ணப்பம் உள்துறை அமைச்சகத்தின் என்.டி.ஏ.எல்.-அலிஸ் என்ற தேசியப் படைக்கல உரிமத் தரவுத் தளத்தில். மாநிலம், மாவட்டம், உரிமம் வழங்கும் அலுவலகம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். காவல் ஆணையரகம் உள்ள மாநகரங்களில் ஆணையர், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியர். ஆணையரக எல்லை எங்கே முடிகிறது என்பது புறநகர்வாசிகள் பலருக்குத் தெரியாது; தவறான அலுவலகத்தைத் தொட்டுவிட்டால் கோப்பு மாதக்கணக்கில் ஒரு மேசையில் தூங்கிவிட்டு 'எமது எல்லைக்கு உட்பட்டதல்ல' என்று திரும்பும். உங்கள் தெரு எந்தக் காவல் நிலையத்துக்கு உட்பட்டது, அந்த நிலையம் யார் கீழ் என்று இரண்டையும் நேரில் கேட்டு உறுதி செய்த பிறகே தட்டச்சு செய்ய உட்காருங்கள்.

படிவம் ஏ-1. அதோடு வெள்ளைப் பின்னணியில் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் நான்கு, பிறந்த தேதிச் சான்று, அடையாளச் சான்று, இருப்பிடச் சான்று, பாதுகாப்பாக வைத்திருப்பேன் என்ற உறுதிமொழி, எம்.பி.பி.எஸ். மருத்துவரிடம் எஸ்-3 படிவத்தில் உடல், மனநலச் சான்று. அந்தச் சான்றில் போதைப் பழக்கம் இல்லை என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். பல மருத்துவர்கள் தங்கள் லெட்டர்பேடில் 'உடல் தகுதி உள்ளவர்' என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அது செல்லாது. படிவத்தை அச்செடுத்துக்கொண்டு போங்கள். ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றையும் விதிகள் கேட்கின்றன. எந்த இடத்துச் சான்றை ஏற்பார்கள் என்பதை அலுவலகத்திலேயே முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது உத்தமம். அங்கீகாரம் இல்லாத இடத்தில் வாங்கிய காகிதத்துக்கு மதிப்பில்லை.

தளத்தின் பெரிய குறை பெயர்ப் பெட்டி. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கும் படிவம் தமிழ்நாட்டு ஆளுக்குப் பொருந்துவதே இல்லை. நம் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துத்தான். ஆதாரில் முதலெழுத்து பின்னால், பள்ளிச் சான்றிதழில் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக. மூன்றையும் ஒரே கோப்பில் வைத்தால் சரிபார்ப்பில் மூன்று ஆட்களாகத் தெரியும். எல்லா ஆவணமும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி முதல் நாளே இணைத்துவிடுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால், காவல் நிலைய அறிக்கை ஒரு பெயரிலும் உரிமத்தில் ஏறும் தனித்துவ அடையாள எண் இன்னொரு பெயரிலும் உருவாகி, துப்பாக்கிக் கடையில் போய் நிற்கும்போதுதான் தெரிய வரும். அந்த எண் இல்லாத உரிமம் செல்லாது. பெயர் பிழையான எண்ணோடு போனால் முறையான கடைக்காரர் தோட்டா கூட விற்க மாட்டார்.

சமர்ப்பித்ததும் வரும் விண்ணப்ப எண்ணை அச்செடுத்து, கையெழுத்திட்ட பிரதியோடு அலுவலகத்தில் நேரில் கொடுத்து, தேதி முத்திரையுடன் ஒப்புகை வாங்க வேண்டும். கணினியில் ஏற்றியாகிவிட்டது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. நாள் கணக்கெல்லாம் இந்த முத்திரையிலிருந்துதான்.

காவல் நிலையக் கட்டம்

சேவையின் மிக மோசமான பகுதி இது. விதிப்படி காவல் நிலைய அறிக்கை 30 நாளில் வர வேண்டும். அறிக்கை வந்த பின் 60 நாளுக்குள் உரிமம் வழங்கும் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். அறிக்கை உரிய காலத்தில் வராவிட்டால் காத்திராமல் உத்தரவு போடலாம் என்று சட்டத்தின் 13(2ஏ) பிரிவில் இடமும் இருக்கிறது. ஆனால் அறிக்கை இல்லாமல் கையெழுத்துப் போட எந்த அதிகாரியும் துணிவதில்லை. அதில் நியாயமும் உண்டு. ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை தகுதியற்றவர்களுக்கு 2.78 லட்சம் உரிமங்கள் வழங்கப்பட்டதாக சி.பி.ஐ. வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறது, பல மாவட்டங்களின் முன்னாள் அதிகாரிகள் வீடுகளில் சோதனை நடந்தது. விசாரணையைக் காகிதத்தில் மட்டும் முடித்தால் வரும் கேடு அது. விசாரணை வேண்டும். 30 நாளில் முடியக்கூடிய விசாரணைக்கு ஏன் ஒரு வருடம் என்பதுதான் கேள்வி.

நடப்பது இதுதான். கோப்பு கண்காணிப்பாளர் அலுவலகம், உட்கோட்டம், நிலையம் என்று இறங்கி, அதே வழியில் ஏற வேண்டும். இன்னொரு பக்கம் கோட்டாட்சியர், வட்டாட்சியர், கிராம நிர்வாக அலுவலர் என்று வருவாய்த் துறை விசாரணை ஓடும். காட்டோரக் கிராமம் என்றால் வனத்துறையும் சேரும். மூன்றில் ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். எங்கே நிற்கிறது என்பதைத் தளம் சொல்லாது. அங்கே 'பரிசீலனையில்' என்று மட்டும் இருக்கும். 45-ஆம் நாள் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 'என் விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது, அங்கே எந்தத் தேதியில் பெறப்பட்டது' என்ற ஒரே கேள்வி போதும். ஏன் தாமதம் என்று கேட்காதீர்கள், 'ஏன்' என்பதற்குப் பதில் தர வேண்டியதில்லை என்று தட்டிவிடுவார்கள். தேதி பதிவேட்டில் இருக்கும், அதை மறுக்க முடியாது.

விசாரணைக்கு வருகிறவரிடம் 'எனக்கு மிரட்டல் இருக்கிறது' என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. புகார் கொடுத்த தேதி, அதற்கு நிலையம் தந்த சி.எஸ்.ஆர். ரசீது எண், முதல் தகவல் அறிக்கை எண் என்று காகிதமாகக் கொடுக்க வேண்டும். தொழில் காரணம் என்றால் எவ்வளவு பணம் அல்லது நகையை எந்த நேரத்தில் எந்த வழியாகக் கொண்டுபோகிறீர்கள் என்பதற்கு வரவு செலவு ஆதாரம். கௌரவத்துக்காக உரிமம் கேட்கும் ஆள்களை இந்த ஒரு கேள்வியே வடிகட்டிவிடுகிறது. இந்த வடிகட்டல் நல்லது என்பதே இங்கே சொல்லும் தீர்ப்பு.

மறுப்புக் கடிதம் பெரும்பாலும் 'காவல் துறை பரிந்துரைக்கவில்லை' என்ற ஒற்றை வரியில் வரும். அதோடு விட்டுவிடாதீர்கள். 14(3) பிரிவின்படி மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பதாரர் கேட்டால், பொதுநலனுக்கு ஊறு என்று அதிகாரி கருதினாலொழிய, சுருக்கமாகத் தரவும் வேண்டும். போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாக்கி மறுக்கக் கூடாது என்று 14(2) சொல்கிறது. இந்த வரியைக் கூலித் தொழில் செய்யும் சிறு விவசாயிகள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். கடிதத்தில் இருக்கும் தேதி முக்கியம். தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதன் முத்திரைதான் உங்கள் கைக்கு வந்த நாளுக்குச் சாட்சி.

தேர்தல் வந்தால்

அரசியல் இந்தச் சேவைக்குள் நுழையும் வாசல் இது. தேர்தல் தேதி அறிவித்ததும் 'உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கவும்' என்று செய்தி வரும். எல்லாரும் ஒட்டுமொத்தமாக ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. கோவா வழக்கொன்றில் மும்பை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பையொட்டித் தேர்தல் ஆணையம் 2009-இல் ஒரு நடைமுறை வகுத்தது. மாவட்டத் தலைமை அதிகாரியும் காவல் கண்காணிப்பாளரும் கொண்ட குழு ஒவ்வொரு உரிமத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முந்தைய தேர்தல் கலவரங்களில் ஈடுபட்டவர் என்று பிரித்து, தேவைப்பட்டவருக்கு மட்டும் நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸ் வந்தால் ஏழு நாளில் ஒப்படைக்க வேண்டும், முடிவுகள் வந்து ஒரு வாரத்தில் திருப்பித் தர வேண்டும். 2024 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றமும் காரணம் சொல்லாமல் எல்லாரையும் ஒப்படைக்க வைப்பது கூடாது என்றே தீர்ப்பளித்தது. ஆனாலும் பல இடங்களில் நிலையத்திலிருந்து ஒரு போன், அவ்வளவுதான்.

தேர்தல் நேரத்தில் ஆயுதம் வெளியே இல்லாமல் இருப்பது நல்லதே. ஆனால் குற்றங்களில் சிக்கும் துப்பாக்கிகளில் பெரும்பகுதி உரிமமே இல்லாதவை. அவற்றை யாரும் ஒப்படைக்கப் போவதில்லை. பட்டியலில் பெயர் இருப்பவனை அழைப்பது எளிது என்பதற்காக அவனை மட்டும் அழைத்துவிட்டு 'அத்தனை ஆயுதமும் பெறப்பட்டது' என்று அறிக்கை விடுவது பாதுகாப்பு ஆகாது. நோட்டீஸை எழுத்தில் கேளுங்கள். கேட்பது குற்றமில்லை. எழுத்தில் வந்துவிட்டால் மறுக்காமல் ஒப்படைத்துவிட்டுப் பிறகு சட்டவழியைப் பாருங்கள்.

ஒப்படைக்கும்போது கவனிக்க வேண்டியவை நிறைய. ரசீதில் தயாரிப்பு, ரகம், குழல் அளவு, துப்பாக்கியின் வரிசை எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, தற்போதைய நிலை எல்லாம் இருக்க வேண்டும். 'துப்பாக்கி 1' என்று துண்டுச் சீட்டில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். நாளைக்குத் திரும்பி வருவது வேறு துப்பாக்கி என்றால் எதைக் காட்டுவீர்கள்? தோட்டாவை எண்ணி உரிமப் புத்தகத்தில் உள்ள கணக்கோடு ஒப்பிட்டுவிட்டுக் கொடுங்கள். ஒன்று குறைந்தாலும் அது உங்கள் மேல் வழக்காகலாம்.

நிலையத்துச் சாமான் அறையில் காற்றோட்டம் இருக்காது. கடற்கரை மாவட்டங்களில் ஆறு வாரத்தில் குழலுக்குள் துரு பூத்துவிடும். கொடுப்பதற்கு முந்தின நாள் குழலை உலர்ந்த துணியால் துடைத்து, துப்பாக்கி எண்ணெய் மெல்லிய படலமாக உள்ளும் புறமும் விடுங்கள். தோல் உறையில் போட்டுக் கொடுக்கவே கூடாது. தோல் ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டவைத்து, உறை பட்ட இடமெல்லாம் பழுப்புப் புள்ளி விழும். பித்தளைத் தோட்டாவைத் தோல் பெல்ட்டில் செருகி வைத்தால் பச்சை பிடிக்கும். பழைய காகித உடல் கொண்ட 12 போர் தோட்டாக்கள் ஈரத்தில் உப்பி, துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் நுழையாமல் போகும். பருத்தித் துணிப்பை, உள்ளே இரண்டு சிலிக்கா பாக்கெட், வெளியே வரிசை எண் எழுதிய அட்டை போதும். உத்தரவில் இடம் இருந்தால் உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் வைப்பது நல்லது. வாடகை வாங்குவார், பொருளைக் காப்பார்.

தகவல்கள் எங்கே போகின்றன?

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். அதை வைத்து இந்தச் சேவையை அளந்தால் தேறாது. யார் வீட்டில் என்ன ரகத் துப்பாக்கி, எந்த முகவரி என்ற பட்டியல் திருடனுக்கு எவ்வளவு பெறுமானமானது என்று விளக்க வேண்டியதில்லை. 2022 ஜூனில் கலிபோர்னியா மாநில நீதித்துறையின் இணையதளத்திலிருந்தே துப்பாக்கி அனுமதி பெற்றவர்களின் பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் வெளியே வந்துவிட்டன. அங்கே குறைந்தபட்சம் அரசு அதை ஒப்புக்கொண்டு பாதிக்கப்பட்டவர்களுக்குத் தகவல் அனுப்பியது. இங்கே 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17(2) பிரிவு, பொது ஒழுங்கு, பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக அரசு அமைப்புகளுக்கு மத்திய அரசு விலக்கு அறிவிக்க வழி வைத்திருக்கிறது. விலக்கு அறிவித்தால், கசிந்தது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்ற கட்டாயமே இல்லாமல் போகும்.

அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் மாற்றியது. முன்பு பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்றாலே அந்தப் பிரிவின் கீழ் மறுக்கலாம். உரிமதாரரின் வீட்டு முகவரி வெளியே போகாது என்ற அளவில் நல்லது. ஆனால் ஒரு மாவட்டத்தில் எந்த அரசியல் புள்ளிகளுக்கு, என்ன காரணம் காட்டி உரிமம் கொடுத்தார்கள் என்று கேட்டாலும் அதே பதில் வரும். ஜம்மு காஷ்மீரில் நடந்ததாகச் சொல்லப்படும் மோசடி மாதிரியானவற்றை வெளியே கொண்டுவரும் கேள்விகள் இவைதான். பெயரும் முகவரியும் மறைந்திருக்கலாம். எந்த வகைக் காரணத்துக்கு எத்தனை உரிமம், எத்தனை மறுப்பு என்ற மாவட்டவாரிக் கணக்கு தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். அதைக் கேட்டு எழுதுவது குடிமக்களின் வேலை.

உங்கள் பக்கம் செய்யக்கூடியவை சில. அடையாளச் சான்றுக்கு ஆதார் இல்லாதவர் பிரமாணப் பத்திரத்தோடு பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, பான் போன்றவற்றைத் தரலாம் என்று விதியிலேயே உள்ளது. ஆதார் தருவதானால் ஜெராக்ஸின் குறுக்கே 'படைக்கல உரிம விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். எண்ணைத் தொடாமல், படத்தின் மேல் ஓரம் படும்படி. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இந்தப் படிவத்தை நிரப்பாதீர்கள். ஸ்கேன் செய்த கோப்புகள் அந்தக் கணினியின் டவுன்லோடு மடிப்பிலும் கடைக்காரரின் வாட்ஸ்அப்பிலும் கிடக்கும். வேறு வழியில்லை என்றால் அனுப்பிய கோப்பை அவர் கண்முன்னே இரண்டு இடத்திலும் அழிக்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் எஸ்-3 படிவம் மட்டும் வாங்குங்கள். பழைய சிகிச்சைக் கோப்புகளை யாராவது கேட்டால் எந்த விதியின் கீழ் என்று எழுதிக் கேளுங்கள். துப்பாக்கியோடு எடுத்த படத்தை முகநூலில் போடுவது அந்தரங்கத்தை நீங்களே விற்பது. பொது இடத்தில் ஆயுதத்தைக் காட்டி மிரட்டும் தோரணை விதிமீறலும்கூட.

புதுப்பித்தல், வீடு மாறுதல், வாரிசு

புதுப்பித்தலுக்குக் காலாவதிக்கு 60 நாள் முன்பே ஏ-3 படிவம் கொடுத்துவிட வேண்டும். விண்ணப்பித்த ஒப்புகை கையில் இல்லாமல் தேதி தாண்டினால் அது கள்ளத் துப்பாக்கிக்குச் சமம். உடனே நிலையத்திலோ வியாபாரியிடமோ வைத்து ரசீது வாங்கிவிட்டுப் பிறகு காரணம் எழுதுங்கள். வீடு மாறித் துப்பாக்கியையும் கொண்டுபோனால் 30 நாளில் புதிய இடத்து அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

அப்பாவின் துப்பாக்கி மகனுக்குத் தானாக வந்துவிடாது. இறந்த பிறகு வீட்டில் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் குடும்பத்தின் மேல் குற்றம். கருமாதி முடியட்டும் என்று தள்ளாமல் படைக்கலச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி ஒப்படைத்து, வாரிசு பெயரில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது ஆனாலோ 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம் என்று 2016 விதிகளின் 25-ஆவது விதி சொல்கிறது. வாரிசிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தால் மூன்றாவதுக்கு இடமில்லை, பாட்டன் சொத்தாக இருந்தாலும் சரி. அந்த நிலையில் உரிமம் உள்ள இன்னொருவருக்கோ வியாபாரிக்கோ அலுவலகத்துக்கு எழுதித் தெரிவித்துவிட்டு விற்கலாம். விற்றதும் உரிமப் புத்தகத்திலும் தளத்திலும் அந்த ஆயுதத்தின் பதிவு நீக்கப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள். தளத்தில் நீக்காமல் விட்டால் அடுத்த தேர்தலுக்கு அந்த விற்ற துப்பாக்கியைக் கேட்டு உங்களுக்குத்தான் போன் வரும்.